சுவரில் இருந்த செம்பட்டி

என் கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே அப்பாவுக்கு இரண்டு கண்ணும் சுத்தமாகப் போயிருந்தன. இது அவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அதே வீட்டில் அதே பானைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாது. "மங்கலாத் தெரியுது, அது போதும்" என்று அப்பா சொல்வார். "அவருக்கென்ன, நெழலாட்டம் தெரியுதாம்ல" என்று அம்மா ஒத்து ஊதுவாள். நான் நம்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சும்மா சொல்லிவைத்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவோடு உட்கார்ந்தால் எதையும் மறைக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பின்னால் வருகிறது.

அப்பா திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் டிரைவராக இருந்தவர். ஒருநாள் சாயங்காலம் செம்பட்டிக்கு முன்னால், ஓரமாகப் போன மாட்டு வண்டியை ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் பார்த்தார். வண்டிக்காரருக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றைக்கு டிரிப்பை முடித்துச் சாவியை முதலாளி கையில் கொடுத்தவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். கண்ணுக்குள் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போனது போனதுதான், இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அப்பாவின் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆனது. வில்லங்கமே அதில்தான் இருந்தது. கண் போகிற குடும்பம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் எனக்கு ஒரு இடம் அமைந்து, தாலி ஏறி, நான் போன வீட்டில் நிலைக்கிற வரைக்கும் அப்பா கண் தெரிந்த மனுஷனாகவே நடமாடியாக வேண்டும். இது அவர்கள் இருவரும் என்னைக் கேட்காமல் எனக்காகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

நடமாட அவருக்குக் கம்பு தேவைப்படவில்லை. சுவர் இருந்தது.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருவாசலில் இருந்து பின்வாசல் வரைக்கும் இடது பக்கம் ஒரே சுவர். பக்கத்து வீட்டை ஒட்டியது என்பதால் அதில் கதவு கிடையாது. முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரை எழுப்பியபோது அதை அடைத்துவிட்டோம். அடைத்த கொத்தனாருக்கு அன்று என்ன அவசரமோ, அந்த இடம் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டினால் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. அதையும் தாண்டினால், மழை ஒழுகிப் பூச்சு உதிர்ந்துபோன ஒரு பள்ளம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. பள்ளம் முடிந்ததும் பின்வாசல், இரண்டு படி இறக்கம், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ்.

அப்பா தெருவாசல் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்தால் இடது கையைச் சுவரில் உரசிக்கொண்டே நடப்பார். புடைப்பு வந்ததும் "செம்பட்டி" என்பார். அதன் கீழேதான் குடிதண்ணீர்ப் பானை இருக்கும். வெடிப்பு வந்ததும் "பாலம்." பள்ளம் வந்ததும், "வத்தலக்குண்டு எல்லாம் எறங்கு. இதுக்கு மேல மலை ரோடு, பாத்துப் போகணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியில் கால் வைப்பார். வேலையை விட்டாலும் டிரைவர் குசும்பு போகவில்லை என்று நான் சிரிப்பேன். "ஏம்ப்பா, ஒட்டன்சத்திரம் பஸ் எப்ப வரும்?" என்று கேலி செய்வேன். "அது இந்தப் பக்கம் வராது தாயி, வேற ரூட்டு" என்பார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

நான் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவேன். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைக்கப் போய்விடுவாள். பகலெல்லாம் வீட்டில் அப்பாவும் அந்தச் சுவரும்தான்.

மதுரையில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போய், நிச்சயமும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. எனக்கு மாமியாராக வரப்போகிறவர் அரக்குப் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். கனத்த உடம்பு. பாயில் உட்கார்ந்தவர் வசதியாகச் சுவரில், அன்றைக்காகப் பானையை நகர்த்திவிட்டிருந்த அந்தப் புடைப்பு மேலேயே, சாய்ந்துகொண்டார். பேச்சு முடிந்து, தட்டு மாற்றி, அவர் எழுந்தபோது முதுகு பூராவும் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு. தன் முதுகு தனக்குத் தெரியாதே. கூட வந்த அம்மாள் ஒருவர் பார்த்துவிட்டுப் பட் பட்டென்று தட்டிவிட்டார். தட்டத் தட்ட அது பரவியதே தவிரப் போகவில்லை.

"அய்யோ மதினி, பட்டாச்சே" என்று அம்மா ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"இருக்கட்டும் மதினி. வெத்தலைக்குச் சுண்ணாம்பு பத்தலைன்னா எம்முதுகுல வழிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. பேச்சுக்குப் பேச்சு, அவ்வளவுதான். அப்பாவும் சிரித்தார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னமோ அடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சே, என்னது?"

எட்டிப்பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்கிற கேள்வியா அது? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி எங்கே இருக்கும்? அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா கையைச் சுவரில் உரசி, விரலில் ஒட்டிய சுண்ணாம்பைக் கசக்கிப் பார்த்தார். பிறகு, "செவுத்த எல்லாம் பட்டி பாத்து டிஸ்டம்பர் அடிச்சிருவோம்" என்றார். "மறுவீட்டுக்கு வருவாங்கல்ல. அந்தம்மா நல்லாச் சாஞ்சு ஒக்காரட்டும்."

தாலி கட்டின பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரோடு பெண் வீட்டுக்கு விருந்துக்கு வருவதுதான் மறுவீடு. பட்டி பார்ப்பது என்றால் சுவரின் மேடு பள்ளமெல்லாம் போக வெள்ளைக் களிம்பை இழுத்து, தேய்த்து, மட்டமாக்குவது; அதன் மேல் அடிக்கிற, உடம்பில் ஒட்டாத சாயம்தான் டிஸ்டம்பர். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் அதைச் செய்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி.

"அதெல்லாம் எதுக்குங்க" என்றாள் அம்மா. "சுண்ணாம்புல கொஞ்சம் பசையைக் கலந்து அடிச்சா ஒட்டாது. செவுரு இருக்கிறபடி இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கல்யாணம்னாத்தான் ஒனக்குக் கை இறுகும். அவங்க வீட்டுச் செவுத்தப் பாத்தேல்ல, மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம். இங்க வந்தா பண்டம் வச்ச குடோன் மாதிரி இருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பார்த்துப் பிரயோசனம் என்ன, அவர் பார்த்தால்தானே. "ஏண்டி கத்துற" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "அவ சொல்றதுதான் சரி. நாளைக்கே ஆள் வரச்சொல்றேன்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பி.

வந்த ஆள் வீட்டுப் பெயிண்டர் இல்லை. பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடிப்பவர். அப்பா ஓட்டிய வண்டி எங்காவது உரசி ஒடுங்கினால், தகரத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, ஒடுக்கு இருந்த இடமே தெரியாமல் பண்ணிவிடுவார். அப்பாவுக்கு அவர் மேல் ஒரு பிரியம். "டிரைவரண்ணே, தகரம் வேற, செவுரு வேற" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் ஒடுங்கினா ஒண்ணுதான்டா, வா" என்று அப்பா இழுத்துக்கொண்டார்.

முதல் வேலை சுரண்டுவது. சுவரில் தண்ணீர் அடித்து ஊறவிட்டுத் தகட்டால் சுரண்டினார். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. நீலம் கூடிப்போன வருஷத்து அடுக்கு ஒன்று, காவி கலந்து அடித்த வருஷத்து அடுக்கு ஒன்று. பொறுக்கு ஒன்று மிச்சம் இருந்தாலும் பட்டி அதோடு சேர்ந்து உதிர்ந்துவிடுமாம், அதனால் அடிப்பூச்சு தெரிகிற வரைக்கும் விடவில்லை. பிறகு வெடிப்பை உளியால் அகலமாக்கிச் சிமெண்டு திணித்தார். பள்ளத்தை நனைத்து அதையும் நிரப்பினார். "பாலம் போச்சு, வத்தலக்குண்டும் போச்சு" என்று நான் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அப்பாவும் கூடவே சிரித்தார்.

செம்பட்டிதான் நின்றது. பெயிண்டர் நீளப் பலகை ஒன்றைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். புடைப்பில் தட்டி, பலகை இரண்டு பக்கமும் ஆடியது.

"அண்ணே, இதுக்குப் பட்டியெல்லாம் பத்தாது. கொத்தி எடுத்துட்டுத் திரும்பப் பூசணும். பேசாம விட்ருவோம். பீரோவத் தள்ளி வச்சா மறைஞ்சிரும்."

அம்மா அப்போதுதான் சத்துணவுக் கூடத்தில் இருந்து வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "விட்ருங்கண்ணே" என்றாள், கேட்டு முடிப்பதற்குள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

அப்பா எழுந்து வந்தார். இரண்டு உள்ளங்கையையும் புடைப்பின் மேல் வைத்தார். குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பது போலச் செத்த நேரம் வைத்திருந்தார்.

"எடு" என்றார்.

"ஏங்க" என்றாள் அம்மா.

"எடுறா. அந்தம்மா சாஞ்ச எடமே அதுதான்."

உளியும் சுத்தியலும் போட்டு அன்று சாயங்காலம் வரை கொத்தினார். செங்கல் மண் ஒரு கூடை வந்தது. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். தூசி அம்புட்டு, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

பூச்சுக் காய்ந்த பிறகு பட்டி. சாக் பவுடரில் ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைவார். வீடு பூராவும் அந்த வாடை. தகட்டில் எடுத்துச் சுவரில் ஒரே இழுப்பாக இழுப்பார். அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. வெள்ளைத் தூசி சோற்றுப் பானைக்குள்ளும் போயிற்று. பாத்திரத்தை எல்லாம் பழைய சேலை போட்டு மூடி வைத்தும் ரசத்தில் சுண்ணக்கட்டி ருசி. தேய்த்து முடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒயரில் தொங்குகிற பல்பைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார். நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். சாய்த்துப் பிடித்தால்தான் மேட்டுக்குப் பின்னால் நிழல் விழும். நிழல் விழுந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு மறுபடி பட்டி வைப்பார்.

அப்பாவுக்குப் பல்பு வேண்டியிருக்கவில்லை. கூடவே நடந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவார். "ஏலே, இங்கன ஒரு மணல் இருக்கு பாரு." "இந்த எடம் லேசா எறங்குது." பெயிண்டர் பல்பைப் பிடித்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் மேடு இருக்கும். "அண்ணனுக்குக் கையிலயும் கண்ணு இருக்கு" என்றார் ஒருநாள். கையிலும் இல்லை, கையில் மட்டும்தான் என்று சொல்லக் கூடிய ஒரே ஆள் அடுப்படியில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா தன் மகள் கல்யாணத்துக்கு இம்புட்டு அக்கறையாக இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. இன்ஸ்டிட்யூட்டில் எல்லாரிடமும் சொன்னேன். தான் நடந்துபோன வழியைத் தன் கையாலேயே தடவித் தடவி, மிச்சம் மீதி இல்லாமல் அழித்துக்கொண்டிருந்தார் மனுஷன். எனக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. அக்கறைதான், இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

வெளிர்நீல டிஸ்டம்பர் அடித்து முடித்த அன்று நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினேன். "எப்படிப்பா இருக்கு?"

அவர் கையை வைத்து இழுத்தார். "வழுக்குது தாயி" என்றார். "கண்ணாடியாட்டம் வழுக்குது."

அன்றிலிருந்து அவர் வாயில் செம்பட்டி வரவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கவனித்தேன். "என்னப்பா, பஸ் ஓடலையா?" என்றேன்.

"ஸ்டிரைக்கு தாயி" என்றார்.

கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. அம்மா அவர் முழங்கையை விடவே இல்லை. மணமேடைக்குக் கூட்டிவந்ததும், வந்தவர்களைக் கும்பிடச் சொல்லி இடித்ததும், தாரை வார்க்கும்போது கையை நகர்த்தி வைத்ததும் அவள்தான். "இந்த வயசுல புருஷனை என்னா புடி புடிச்சிருக்கா பாரு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அம்மா வெட்கப்படுவது போல நடித்தாள்.

மறுவீட்டுக்கு எல்லோரும் வந்தோம். அப்பா நாற்காலியில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் உள்ளே வந்து சுவரை நிமிர்ந்து பார்த்தார். "அடேயப்பா, பளபளன்னு பண்ணிட்டாகளே" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் மாமியார் சாயவில்லை. போன தடவை பட்ட பாடு ஞாபகம் இருக்கும்போல. பாயின் நடுவில், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, நிமிர்ந்தபடியே கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது தெரியாது. நல்லவேளை.

சாப்பாடு முடிந்து மதுரைக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் மாமியார் முன் சீட்டில் கண் அசந்திருந்தார். என் வீட்டுக்காரர், அப்போது எனக்குச் சரியாக முகம் கூடப் பழகாத மனுஷர், என் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஒங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"மங்கலாத் தெரியும்" என்றேன்.

"இல்ல. சுத்தமாத் தெரியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டி மூணு நாள் ஆகல, எங்கப்பாவக் குருடன்றீங்களா?" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. நடந்ததைச் சொன்னார். இலையில் இருந்து எழுந்து, கை கழுவ எங்கே என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். "வாங்க மாப்ள, நான் காட்டுறேன்" என்று அப்பா எழுந்துவிட்டார். சுவரில் கை வைத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார். பாதி வழியில் நின்றாராம். கை சுவரில் மேலும் கீழும் எதையோ தேடியதாம். பிறகு, "இந்தா வந்துருச்சு மாப்ள" என்று சொல்லிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தவர் படி இருப்பது தெரியாமல் அந்தரத்தில் கால் வைத்துவிட்டார். இவர் வலது கை எச்சில் கை. இடது கையால் அப்பாவின் தோளை எட்டிப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "படி ஈரமா இருக்கு மாப்ள, பாத்து வாங்க" என்றாராம்.

"படி காஞ்சுதான் கெடந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "எதைத் தேடுனாரு செவுத்துல?"

நான் சின்னாளபட்டி தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். செம்பட்டியைத் தேடியிருக்கிறார். பாலத்தைத் தேடியிருக்கிறார். வத்தலக்குண்டு வராமலேயே மலை ரோட்டில் கால் வைத்திருக்கிறார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது, அன்று ராத்திரி அம்மாவுக்கு வந்த தலைவலி உட்பட. "ஒங்கம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னால் செய்த எத்தனையோ தப்பை நான் மன்னித்திருக்கிறேன்.

தலை தீபாவளிக்குத்தான் மறுபடி திண்டுக்கல் போனேன். வாசலில் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர். நீலச் சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அங்கங்கே ஸ்டிக்கர் பொட்டு. அப்போது அது புதிதாக வந்த சமயம், பெண்கள் நெற்றியில் இருந்து எடுத்துக் கண்ணாடியிலும் கதவிலும் ஒட்டிவைப்பது வழக்கம்தான். ஆனால் இது அப்படி இல்லை. ஜன்னலை அடைத்த இடத்தில் ஒரு கைப்பிடி பொட்டு கும்பலாக. வெடிப்பு இருந்த இடத்தில் மேலிருந்து கீழே ஒரு வரிசை. பள்ளம் இருந்த இடத்தில் வட்டமாக.

அம்மா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பின்வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"நீ போனதுக்கப்புறம் ஒரு நாள் மத்தியானம் சீக்கிரம் வந்தேன். நாற்காலியில அப்படியே ஒக்காந்திருக்காரு, ஒதடெல்லாம் வெடிச்சு. என்னங்கன்னா, ஒண்ணுமில்லைன்றாரு. பானையப் பாத்தா காலையில மொண்டு வச்ச தண்ணி வச்சபடி இருக்கு. தண்ணி குடிச்சா பின்வாசலுக்குப் போகணும்ல. போனா விழுந்துருவேனோன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. எத்தன நாளாவோ." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "ஆணி அடிப்பம்னு பாத்தேன். புதுச் செவுத்த ஒடைக்காதேன்னு சண்டைக்கு வாராரு. ஒங்க மாமியா வாரப்ப ஆணியப் பாத்தா என்னான்னு கேப்பாகளாம். பொட்டுன்னா யாரும் கேக்க மாட்டாகல்ல."

நான் அப்பாவிடம் போனேன். அழுதுகொண்டே போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "ஏம்ப்பா எடுக்கச் சொன்னீங்க? எல்லாத்தையும் மட்டமாக்குனீங்க, சரி. அந்தப் பெயிண்டரே விட்ருவோம்னாருல்ல. செம்பட்டிய மட்டுமாவது விட்டிருக்கலாம்ல?"

"அங்கனதான தாயி ஒங்க மாமியா சாஞ்சது" என்றார்.

"அவங்க சாயவே இல்லப்பா" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். என்னையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் அவர் எழுந்து நடந்தார். விரல் நுனியால் பொட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் போனார். செம்பட்டி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பழைய பஸ் திரும்ப ஓடவில்லை. பேசாமல்தான் போனார், வந்தார். பொட்டு உதிர உதிர அம்மா தன் நெற்றியில் இருந்து எடுத்து அங்கே ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

சில வருஷத்தில் அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி, தூக்கத்திலேயே. சாவுக்கு வந்த பெயிண்டர் என் தலையில் கை வைத்து, "செவுத்தச் சுரண்டுன அன்னைக்கே பல்ப மூஞ்சிக்கு நேரா ஆட்டிப் பாத்தேன் தாயி, அண்ணன் கண்ணு சிமிட்டல. அதான் அந்த மேட்ட விட்ருவோம்னேன்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் எனக்குத்தான் கண் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெண்கள் எல்லாம் கூடத்தில் இருந்தோம். அம்மா மூலையில், பொட்டில்லாத நெற்றியோடு சுருண்டு கிடந்தாள். மாமியார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். விதவைப் பெண்ணின் கண் முன்னால் சுவர் பூராவும் பொட்டு இருந்தால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்திருப்பார். எழுந்து போய், நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க ஆரம்பித்தார்.

பதினாறு நாளும் யாரிடமும் வாய் திறக்காத அம்மா தலையைத் தூக்கினாள்.

"மதினி, விட்ருங்க. அது எம்பொட்டு இல்ல. அவரு பொட்டு."

மாமியார் கையில் ஒரு பொட்டோடு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் எதற்கு மறைக்க வேண்டும். கண் போனதைச் சொன்னேன், சுண்ணாம்பு ஒட்டின பட்டுச் சேலையைச் சொன்னேன், நீங்கள் சாய்ந்து உட்கார வேண்டும் என்றுதான் அப்பா அந்த இடத்தைக் கொத்தி எடுக்கச் சொன்னார் என்றும் சொன்னேன். கண் போகிற குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அவர் கையில் இருந்த பொட்டை எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பசை காய்ந்திருந்ததால் நிற்கவில்லை. எச்சில் தொட்டு வைத்தார், நின்றது. பிறகு அதன் கீழே மெதுவாக உட்கார்ந்தார். முதுகை முழுசாகச் சுவரில் கொடுத்து, தலையையும் சாய்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

அவர் எழுந்ததும் நான் முதுகைப் பார்த்தேன். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.